பலவீனம் என்ற சொல்லுக்குள் மறையும் நோய்

செருப்பு காலைவிட்டு நழுவுகிறதா? நழுவும்போதே அது தெரிகிறதா, அல்லது நாலடி நடந்து வெறுங்காலைப் பார்த்த பிறகுதான் தெரிகிறதா? இந்திய மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் வார்டுக்கு வரும் மாணவர் முதலில் கற்றுக்கொள்ளும் கேள்விகளுள் இது ஒன்று. நழுவுவது தெரிந்தும் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால், விரல்களை இயக்கும் தசையிலோ அதற்கு ஆணை கொண்டுவரும் நரம்பிலோ கோளாறு. நழுவியதே தெரியவில்லை என்றால், பாதத்தின் உணர்ச்சியைச் சுமந்து செல்லும் பாதையில் கோளாறு. வார் இல்லாத செருப்பை நாள் முழுவதும் அணியும் ஒரு சமூகத்துக்கென்றே அமைந்த கேள்வி இது. செலவில்லாதது, எந்த மொழியிலும் கேட்கத்தக்கது. அதற்கு வரும் விடை, பல்லாயிரம் ரூபாய் செலவழித்து எடுக்கும் படங்கள் சொல்லாததைச் சில வேளைகளில் சொல்லிவிடும்.

இந்தக் கேள்வி வார்டுக்குள்ளேயே தங்கிவிட்டதுதான் சிக்கல். நோயாளி அங்கே வந்து சேர்வதற்கு முன் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களில் அவர் தம் உடலைப் பற்றிப் பேசும் சொற்கள் வேறு. அவற்றைக் கேட்பவர்கள் புரிந்துகொள்ளும் பொருள் வேறு. நரம்பு, தசை நோய்களைத் தொடக்கத்திலேயே அறிவது கருவிகளையும் வல்லுநர் எண்ணிக்கையையும் மட்டும் சார்ந்தது என்று மருத்துவத் துறை கருதி வருகிறது. அதில் மொழிக்குள்ள பங்கு போதிய கவனம் பெறவில்லை.

ஏ.எல்.எஸ். எனப்படும் நோயை எடுத்துக்கொள்ளலாம். இயக்க நரம்பணு நோய்களுள் அதுவே மிகுதியாகக் காணப்படுவது. பிரான்சில் ழான் மார்த்தன் ஷார்க்கோ 1869 முதல் 1874 வரையிலான ஆண்டுகளில் அதைத் தனி நோயாக வரையறுத்தார். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கும் தண்டுவடத்திலிருந்து தசைக்கும் ஆணைகளைக் கடத்தும் இரு நிலை நரம்பணுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. கீழ்நிலை அணு மடிந்தால் தசை மெலியும், துடிக்கும், வலுவிழக்கும். மேல்நிலை அணு மடிந்தால் உறுப்பு விறைக்கும். அனிச்சைச் செயல்கள் மிகையாகும். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து தோன்றுவதே இந்நோயின் அடையாளம். தொடு உணர்ச்சி கெடுவதில்லை. கண்ணின் அசைவும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் திறனும் பெரும்பாலும் கடைசிவரை காக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்குப் புதிதாகத் தோன்றுகிறது. தொடங்கியதிலிருந்து பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறக்கின்றனர். முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரியவருவதற்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிவதை உலகெங்கும் ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சியுள்ள காலத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ பெயரைத் தேடுவதிலேயே போய்விடுகிறது என்பது இதன் பொருள்.

அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது என்பதற்குச் சொற்களிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் மருத்துவர் கருதும் நரம்பை மட்டும் குறிப்பதில்லை. கையில் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயும் மக்கள் வழக்கில் நரம்புதான்; தசைநாரும் நரம்புதான்; யாழில் கட்டியதும் நரம்புதான்; இலையில் ஓடுவதும் நரம்புதான். இந்தியின் ‘நஸ்’ என்ற சொல்லும் இவ்வாறே இரத்தக்குழாய், நரம்பு, தசைநார் மூன்றையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘ஸ்நாயு’ என்ற வடசொல்லின் கதை இன்னும் சுவையானது. சுச்ருத சம்ஹிதை உடலில் 900 ஸ்நாயுக்களை எண்ணுகிறது. அங்கே அது கட்டிப் பிணைக்கும் நாரைக் குறிக்கும் சொல். இன்றைய வங்காளத்தில் அதே சொல் நரம்பு. மராத்தியிலும் குஜராத்தியிலும் கன்னடத்திலும் அது தசை. கொல்கத்தாவில் நரம்பு நோயாக இருப்பது மும்பைக்குப் போனதும் தசை நோயாகிவிடலாம், சொல்லளவில். இதற்காக இந்திய மொழிகளை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. கிரேக்கத்தின் ‘நியூரான்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் தசைநாரையும் வில்லின் நாணையுமே குறித்தது. வடமொழி ‘ஸ்நாவன்’ அதற்கு உறவுச் சொல். வெட்டிப் பார்த்தால் வெண்ணிற இழையாகத் தெரியும் எல்லாவற்றுக்கும் பழைய உலகம் ஒரே பெயர் வைத்தது. ஐரோப்பிய மருத்துவம் அதைப் பின்னர்ப் பிரித்து எடுத்துக்கொண்டது. இந்திய மொழிகளிலும் கலைச்சொல் அகராதிகள் அவ்வாறே பிரித்துவிட்டன. மக்கள் பேச்சு மட்டும் பிரிக்கவில்லை.

பேச்சு பிரிக்காததால் வரும் விளைவு உண்டு. ‘நரம்பு பிசகிவிட்டது’, ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’, இந்தியில் ‘நஸ் தப் கயீ’ என்ற விளக்கங்கள் எதற்கும் பொருந்துகின்றன. பிசகியதை உருவிச் சரிசெய்யலாம், அழுந்தியதை விடுவிக்கலாம். சொல்லிலேயே சிகிச்சை அடங்கியிருக்கிறது. ஆகவே நோயாளி எண்ணெய் தேய்ப்பவரிடம் செல்கிறார். அடுத்து எலும்பு மருத்துவரிடம் செல்கிறார். இதில் அறியாமை ஏதும் இல்லை. மொழி காட்டிய வழியில் அவர் ஒழுங்காக நடக்கிறார்.

‘நரம்புத் தளர்ச்சி’ என்ற தொடரின் நிலை இதனினும் பரிதாபம். நேர்பொருளில் பார்த்தால் இயக்க நரம்பணு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்த் தொடர் கிடையாது. ஆனால் அத்தொடர் அரை நூற்றாண்டுக்கு மேலாக வேறிடத்தில் குடியிருக்கிறது. வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும், குறிப்பிட்ட தேதிகளில் விடுதிகளில் முகாமிடும் வைத்தியர்களின் துண்டறிக்கைகளிலும் அது ஆண்மைக் குறைவின் இடக்கரடக்கல். கை நடுக்கம், படபடப்பு, தேர்வு பயம் ஆகியவையும் அதே கூரையின்கீழ் வந்து சேர்ந்துகொண்டன. வடக்கே ரயில் பாதையோரச் சுவர்களில் ‘கம்சோரி’ என்ற சொல்லுக்கும் இதே கதி. இன்று இளைஞர் ஒருவர் தமக்கு நரம்புத் தளர்ச்சி இருக்குமோ என்று ஐயுற்றால் அதை வீட்டில் சொல்லக் கூசுகிறார். சொன்னாலும் கேட்பவர் சிரிக்கிறார், அல்லது சத்துமாத்திரை வாங்கித் தருகிறார். ஒரு நோயின் பெயரை விளம்பரங்கள் கொண்டுபோய்விட்டால், அந்நோய் உள்ளவருக்குச் சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. சொற்பொருள் மாற்றத்தைப் பாடமாக நடத்தும் துறைகள் இந்த எடுத்துக்காட்டையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம்.

இன்னொரு சொல் ‘மரத்துப்போதல்’. மருத்துவர் காதில் அது உணர்ச்சியின்மை. நோயாளி வாயில் அது பல வேளைகளில் ‘சொன்னபடி கேட்கவில்லை’ என்பதற்கு மாற்று. கை கனத்தது, கட்டைபோல் ஆனது, வழங்கவில்லை, சொரணை இல்லை என்று அவர் சொல்லும்போது ஊசியால் குத்தினால் வலிக்காது என்று சொல்லவில்லை. உறுப்பு தம்முடையதாக இல்லை என்று சொல்கிறார். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ‘மரத்துப்போகிறது’ என்பது அப்படியே பதிவாகிவிட்டால், அடுத்த படி கழுத்து எலும்புத் தேய்மானம் என்ற ஐயம், அதற்கு எம்.ஆர்.ஐ. நாற்பதைக் கடந்த எவர் கழுத்தைப் படமெடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தென்படத்தான் செய்யும். படம் சான்றாகிவிடுகிறது. சிலர் பட்டை அணிகின்றனர். சிலர் முதுகெலும்பு அறுவைக்கே உட்படுகின்றனர். அறுவைக்குப் பின்னும் கை மெலிந்துகொண்டே போகும்போதுதான் நரம்பியல் மருத்துவர் நினைவுக்கு வருகிறார். தேவையற்ற இத்தகைய அறுவைகள் உலகின் பல நாடுகளிலும் பதிவாகியுள்ளன. இது இந்தியாவுக்கே உரிய குறை அன்று. என்றாலும், ‘மரத்திருக்கிறதா, வலுவில்லையா?’ என்ற ஒற்றைக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்க இரண்டு நிமிடம் போதும் என்பது எங்கும் உண்மை.

பெயர்ச்சொல்லைக் கேட்டால் பெயர்ச்சொல்லே விடையாக வரும்: அசதி, பலவீனம், தளர்ச்சி. வினைச்சொல்லைக் கேட்க வேண்டும். எது முன்பு முடிந்தது, இப்போது முடியவில்லை? சப்பாத்தியை ஒரு கையால் பிய்க்க முடிகிறதா? சோற்றைப் பிசைந்து உருட்டும்போது விரல்களிலிருந்து சிந்துகிறதா? பூட்டில் சாவியைத் திருப்ப இன்னொரு கை தேவைப்படுகிறதா? சட்டைப் பொத்தான், புடவைக் கொசுவம், நகவெட்டி, இருசக்கர வண்டியின் கிளட்ச், கரும்பலகையில் சாக்பீஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தசைகளைச் சோதிக்கிறது. தலைசீவக் கை உயரவில்லை, பரணில் பாத்திரம் வைக்க முடியவில்லை என்றால் தோள் பக்கத் தசைகள். தரையில் உட்கார்ந்தவர் ஊன்றாமல் எழ முடியவில்லை, குந்தும் கழிப்பறையிலிருந்து எழக் குழாயைப் பிடிக்கிறார் என்றால் இடுப்பு பக்கத் தசைகள். தசை நோய்கள் பொதுவாக உடலுக்கு அருகிலுள்ள பெரிய தசைகளிலும், நரம்பு நோய்கள் பொதுவாகக் கை கால் நுனிகளிலும் தொடங்குகின்றன. விதிவிலக்குகள் ஏராளம், இருந்தாலும் முதல் பிரிவினையாக இது பயன்படுகிறது. தரையில் உட்காரும், கையால் உண்ணும் வாழ்க்கைமுறை நோயைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கக்கூடியது. நாற்காலிக்கும் கரண்டிக்கும் மாறிய வீடுகளில் அந்தச் சோதனை அன்றாடம் நிகழ்வதில்லை.

உலக அளவில் இந்நோயின் போக்கை அளக்கும் வினாப்பட்டியலில் 12 இனங்கள். முழு மதிப்பெண் 48. அவற்றுள் ஒன்று உணவை வெட்டுவதையும் உணவுக் கருவிகளைக் கையாள்வதையும் பற்றியது. கத்தியும் முள்கரண்டியும் தொடாதவரிடம் அதை எப்படிக் கேட்பது? ‘வெட்டுதல்’ என்று பெயர்த்தால் காய்கறி நறுக்குவதாகப் புரிந்துகொண்டு, சமையலறைக்குள் போகாத ஆண் தமக்கு அது பொருந்தாது என்பார். ‘பிசைந்து உண்ணுதல்’ என்று பெயர்த்தால் சோதிக்கப்படும் தசைகளே மாறுகின்றன. இது அகராதியைப் புரட்டித் தீர்க்கும் மொழிபெயர்ப்பு அன்று. எந்தச் செயல் எந்தச் செயலுக்கு நிகர் என்பதை உடலியல் அறிந்தவரும் மொழி அறிந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியது.

தசைத்துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் தேடுவோரை இந்நோயின் பெயரிடம் கொண்டுவந்து நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். கண்ணிமை துடிக்கிறது, கெண்டைக்கால் துடிக்கிறது, இரவெல்லாம் தூக்கமில்லை. மருத்துவ மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் இந்த அச்சத்துக்குப் பேர்போனவர்கள். காப்பி, தூக்கக்குறைவு, பதற்றம், கடும் உழைப்பு ஆகியவற்றால் நலமுள்ளவர் தசையும் துடிக்கும். வலுக்குறைவும் மெலிவும் இல்லாத துடிப்பு மட்டும் என்றால் அது பெரும்பாலும் தீங்கற்றது. கவனிக்கத்தக்கது துடிப்போடு சேர்ந்து வரும் இழப்பு. கட்டைவிரலின் அடிமேடும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையும் வற்றிப் பள்ளமாகி, சுண்டுவிரல் பக்க மேடு மட்டும் அப்படியே இருப்பது ஏ.எல்.எஸ். நோயில் காணப்படும் ஒரு தனித்த வடிவம். பேனா பிடிக்கும் கையை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தாலே தெரிவது. அச்சப்படுவோர் தசை துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நோயுள்ளோர் பலர், தம் கை மெலிந்ததை அடுத்தவர் சொல்லித்தான் அறிகின்றனர்.

ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்நோய் கைகால்களில் தொடங்குவதில்லை, பேச்சில் தொடங்குகிறது. மொழியியலாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் செவிசாய்க்க வேண்டிய இடம் இது. நாக்கின் தசைகள் வலுவிழந்தால் நுனிநா வேலைகள் தடுமாறும். மெல்லண்ணம் சரியாக மூடாவிட்டால் காற்று மூக்கு வழியே கசிந்து, பகரம் மகரத்தின் பக்கமும் டகரம் ணகரத்தின் பக்கமும் சாயும். மேல்நிலை நரம்பணுக்கள் கெட்டிருந்தால் குரல் இறுகி, பிதுக்கி எடுத்ததுபோல் வரும், பேச்சு மெதுவாகும். இரண்டும் கலந்து வருவதே இந்நோயின் பேச்சு. நாவை வளைத்து அண்ணத்தைத் தொட வேண்டிய ஒலிகள் இந்திய மொழிகளில் நிறைந்துள்ளன. ட், ண் ஆகியவை நுனிநா அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே விவரித்துவிட்டது. அந்த நுனிநா சோர்ந்தால் தமிழ், மலையாளம், மராத்தி போன்ற மொழிகளைப் பேசுவோரிடம் அது எந்த ஒலியில் முதலில் வெளிப்படும் என்பது வினவத்தக்க ஆய்வுப்பொருள். இங்கு எச்சரிக்கையும் தேவை. ஒருவர் ழகரத்தை ளகரமாக ஒலிப்பது வட்டார வழக்கு. அதில் நோய் எதுவும் இல்லை. அளவுகோல் அகராதியின் உச்சரிப்பு அன்று. அதே மனிதரின் சென்ற ஆண்டுப் பேச்சுதான்.

இந்த மாற்றத்தை முதலில் கேட்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் கேட்கின்றனர். தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் தங்கை கேட்கிறாள். ஆசிரியர் ஒருவரின் சொல் மாலை நேரங்களில் குழறத் தொடங்கினால், குடித்திருக்கிறார் என்ற முணுமுணுப்புதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. சிறிய பேச்சுக்குப் பெரிதாகச் சிரிப்பதும், அடக்கமுடியாமல் அழுவதும் இந்நோயின் ஒரு கூறாக வரலாம்; அது தெரியாதவர் மனநிலை சரியில்லை என்கிறார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது அடிக்கடி நிகழ்ந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டுப் போகிறோம். குழறல், புரையேறல், இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சுமுட்டல் ஆகிய மூன்றையும் ஒருவரிடம் சேர்த்துக் காண்பவர், அவற்றைச் சேர்த்தே ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இப்போது நடப்பது வேறு: குழறலுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர், புரையேறலுக்கு வயிற்று மருத்துவர், மூச்சுக்கு நெஞ்சு மருத்துவர் என்று ஒரே நோய் மூன்று கோப்புகளாகப் பிரிந்துபோகிறது.

முதுமையின் நோய் என்ற எண்ணமும் இந்தியாவில் முழுமையாகப் பொருந்தாது. மேலை நாடுகளில் அறுபதை ஒட்டித் தொடங்கும் ஏ.எல்.எஸ்., இந்திய மருத்துவமனைத் தொகுப்புகளில் அதைவிடக் குறைந்த சராசரி வயதில் பதிவாகியிருக்கிறது. இதுதவிர, இளையோரைத் தாக்கும் வேறு வடிவங்களும் உள. சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் 1970இல் விவரித்த ஒரு வடிவம் ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்றே உலக இலக்கியத்தில் வழங்குகிறது. இளம்வயதில் கைகால் மெலிவு, முகத்தசையும் நாவும் சோர்தல், காது கேளாமை ஆகியவை சேர்ந்து, மிக மெதுவாக முன்னேறுவது; பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து பதிவானது. ஒரு கை மட்டும் மெலியும் நோயைப் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தில் கௌரி தேவியும் உடன் பணியாற்றியோரும் 1984இல் விவரித்தனர். ஜப்பானில் ஹிராயாமா 1959இல் கண்டதற்கு நெருங்கியது அது. பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்களே மிகுதியாக இதற்கு ஆட்படுகின்றனர். குளிர்ந்த நீரில் கை நனைத்தால் விரல்கள் மேலும் தளரும். வலி இல்லை. சில ஆண்டுகள் முன்னேறிப் பிறகு தானே நின்றுவிடும். தலையை முன்னே குனியும்போது தண்டுவடம் அழுந்துவதால் இது நேர்கிறது என்ற விளக்கம் வலுவாக உள்ளது. ஆகவே தொடக்கத்திலேயே கண்டறிந்து கழுத்துப்பட்டை அணிவித்தால் மேலும் கெடாமல் தடுக்க வாய்ப்புண்டு. நின்ற பின் கண்டறிந்தால் இழந்த தசை திரும்புவதில்லை. விடுதி அறையில் குளிர்காலக் காலையில் வாளித் தண்ணீரைத் தூக்க முடியாத பத்தொன்பது வயது மாணவன் அதை யாரிடம் சொல்வான்? சொன்னால் ‘ஜிம்முக்குப் போ’ என்ற பதில்தான் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு வரும் டூஷென் தசைச்சிதைவு நோயில் இந்தத் தவறான வாசிப்பு இன்னும் கூர்மையாகிறது. அது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஓடத் தடுமாறுகிறான், விழுகிறான், மாடிப்படியில் பின்தங்குகிறான், முன்பாதத்தில் நடக்கிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது. அதைப் பார்த்த பாட்டி பிள்ளை நன்றாகத் தேறியிருக்கிறான் என்று மகிழ்கிறாள். உண்மையில் அங்கே தசை இருக்க வேண்டிய இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியிருக்கின்றன. தரையிலிருந்து எழும்போது தன் முழங்காலிலும் தொடையிலும் கைகளை மாறிமாறி ஊன்றி, தன்மீதே ஏறுவதுபோல் எழுகிறான். இதனை லண்டன் மருத்துவர் கோவர்ஸ் 1879இல் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்கன்வாடியில் நாள்தோறும் பிள்ளைகள் தரையிலிருந்து எழுவதைப் பார்க்கும் பணியாளரைவிட இதைக் காண வாய்ப்புள்ளவர் நாட்டில் எவரும் இல்லை. ஐயம் வந்தால் சி.கே. என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்றே அடுத்த வழியைக் காட்டிவிடும். இங்கே தாமதத்தின் விலை அந்தக் குழந்தையோடு முடிவதில்லை. நோய் தாயின் வழியாக வரக்கூடியது. மூத்தவனுக்கு நோயின் பெயர் தெரியும் முன்பே இளையவன் பிறந்துவிட்ட குடும்பங்களை நரம்பியல் வார்டுகள் அறியும்.

மக்களுக்கு இவற்றைக் கற்பிக்க முடியாது என்று சொல்வோருக்கு இந்த நாடே ஒரு மறுப்பு. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரெனத் துவண்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது நகர மருத்துவமனை முதல் ஊர் வைத்தியர் வரை கொண்டுசேர்க்கப்பட்டது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச்சில் சான்றளிப்பு வந்தது. அதற்கு உதவியது ஒரே ஒரு தெளிவான வரையறை: திடீரென, துவண்டு. அதே வரையறை, மெதுவாகத் துவள்பவரை வலைக்கு வெளியே விட்டுவிட்டது. மெதுவானது அவசரமானது அன்று என்ற எண்ணம் அதற்கு முன்பும் இருந்தது, பின்னும் இருக்கிறது.

தீர்க்க மருந்தில்லாத நோயைச் சீக்கிரம் அறிந்து என்ன பயன் என்ற கேள்வி எழும். எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வி அன்று அது. இன்னும் ஓராண்டு அறியாமல் நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று எண்ணும் குடும்பங்கள் உண்டு. அந்த எண்ணத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஓராண்டு நிம்மதியில் கழிவதில்லை. மருத்துவமனை மாறி மருத்துவமனையாக, நகையும் நிலமும் கைமாறிக் கழிகிறது. அன்றியும், இந்நோயைப்போல் தோன்றிப் பிறிதாக இருக்கும் நோய்கள் பல. இமை சரிந்து, மாலையில் மிகுந்து, ஓய்வில் குறையும் மயஸ்தீனியாவுக்கு மருந்துண்டு. உணர்ச்சி கெடாமல் கை மட்டும் சோரும் ஒருவகை நரம்பழற்சி இம்யூனோகுளோபுலின் ஊசிக்கு இணங்கும். கழுத்தில் தண்டுவடம் உண்மையாகவே அழுந்தியிருந்தால் காலத்தே செய்த அறுவை பலன் தரும். பெயரைத் தேடும் பயணத்தில் இவற்றுள் ஒன்று கிட்டினால் ஒரு வாழ்க்கை மீளும். ஏ.எல்.எஸ். என்றே உறுதியானாலும், 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் சில மாதங்களையாவது கூட்டுகிறது. இரவில் முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் கருவி உயிரையும் உறக்கத்தையும் காக்கிறது. சட்டத்தின் பக்கமும் ஒரு குறை உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு, தசைச்சிதைவு நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இயக்க நரம்பணு நோயின் பெயர் அப்பட்டியலில் இல்லை. வேறு தலைப்பின்கீழ் வாதாடிச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது. விரைந்து முன்னேறும் நோய்க்கு நடையாய் நடப்பது எவ்வளவு கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டீபன் ஹாக்கிங் பொதுமக்கள் மனத்தில் இந்நோயின் முகமாகிவிட்டது ஒருவகையில் பிழையான பாடம். 1963இல் 21 வயதில் நோய் அறியப்பட்டு 55 ஆண்டுகள் வாழ்ந்தது அரிதினும் அரிது. ஆனால் அவர் வாழ்வின் இன்னொரு செய்தி பயனுள்ளது. 1985இல் மூச்சுக்குழாய் அறுவைக்குப்பின் அவர் பேச்சை இழந்தார். பிறகு உலகம் கேட்ட குரல், அமெரிக்க ஒலியியலாளர் டென்னிஸ் கிளாட் தம் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஓர் ஆங்கிலேயர் அமெரிக்கக் குரலில் முப்பதாண்டுகளுக்கு மேல் பேசினார். அதையே தம் குரலாகவும் ஏற்றுக்கொண்டார். இன்று நோயாளி தம் குரலையே பதிவுசெய்து வைத்து, பேச்சு போனபின் கணினி வழியே அதில் பேச முடியும். அதற்கு அம்மொழியின் ஒலிகள் எல்லாம் வருமாறு தேர்ந்தெடுத்த வாசகங்கள் வேண்டும். நோயாளிக்குப் படிக்கச் சலிப்பும் சிரமமும் தராத வாசகங்களாக அவை அமைய வேண்டும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அவை எதிர்கொள்ள வேண்டும். மகளைக் கூப்பிட ஒருவருக்குச் செய்தி வாசிப்பவரின் தமிழ் உதவாது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தொகுப்பு நெடுங்காலமாக ஆராயப்படுகிறது. மைசூரில் பேச்சுக்கும் செவிக்குமான தேசிய நிறுவனம் இருக்கிறது. மொழியியல் துறைகள் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. வட்டார வழக்கில் நோயுரைக்கும் சொற்களைத் தொகுப்பதும், ‘பத்தகா பத்தகா’ என்று வேகமாகச் சொல்லவைக்கும் சோதனைக்கு இந்திய மொழி பேசுவோரின் இயல்பான அளவுகளைப் பதிவுசெய்வதும், குரல் சேமிப்புக்கு வாசகம் எழுதுவதும் ஆய்வேட்டுத் தலைப்புகளாக முன்வைக்கத்தக்கவை. சங்க இலக்கியத்தில் வேற்றுமை உருபுகள் குறித்த இன்னொரு ஆய்வேடு ஓராண்டு காத்திருக்கும்.

குரல் சேமிப்பு காத்திருக்காது. குழறாத பேச்சைத்தான் பதிவுசெய்ய முடியும். பேச்சில் தொடங்கும் நோயாளிகளுக்கு, மருத்துவர் நோயின் பெயரை எழுதித் தரும் நாளில் அந்தக் குரல் பெரும்பாலும் மாறிவிட்டிருக்கும்.